பள்ளிக்கூடம் போகாத வயிறு

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குச் சோறு போட்ட வரலாற்றைச் சொல்லச் சொன்னால், நாம் எல்லோரும் பள்ளிக்கூட வாசலிலிருந்துதான் தொடங்குகிறோம். 1920இல் நீதிக்கட்சி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 1989இல் கலைஞரின் முட்டை. மேடையில் இப்படித்தான் பேசுகிறோம். போட்டித் தேர்வுக்கும் இப்படித்தான் படிக்கிறோம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த வரிசையில் ஒரு பிள்ளையைக் காணவில்லை. பால்குடி முழுசாக மறக்காத, தத்தித் தத்தி நடக்கிற, பள்ளிக்கூடத்தில் பேர் எழுதாத ஒன்றரை வயதுப் பிள்ளை.

கருவில் உருவானதிலிருந்து இரண்டு வயது முடியும்வரை உள்ள சுமார் ஆயிரம் நாள்களில்தான் ஒரு பிள்ளையின் உயரமும் மூளை வளர்ச்சியும் பெருமளவு தீர்மானமாகின்றன. ஐந்து வயதில் சத்துணவுத் தட்டைக் கையில் கொடுக்கும்போது அந்த நாள்கள் முடிந்துபோயிருக்கும். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. சமூகநீதி மாநிலம் என்று பெருமைப்படும் மண்ணின் கணக்கு இது.

இந்தக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் ஒரு பழைய பதில் வரும். தாய்மாருக்கு விழிப்புணர்வு போதாது, சரிவிகித உணவு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பார்கள். சுவரில் ஒரு படம் ஒட்டுவார்கள். அதில் பால், பழம், பருப்பு, காய்கறி, முட்டை எல்லாம் வட்டமாக அடுக்கியிருக்கும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சேரியில் பிறந்த ஒரு பிள்ளையின் தட்டில் எது விழும், எது விழாது என்பதை இந்த நூறாண்டில் யார் முடிவு செய்தார்கள்?

நெய்யும் நெல்லும்

நல்ல உணவு உண்பதே குற்றமாக இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் சக்வாரா என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்து ஊர் அது. புனித யாத்திரை முடித்துத் திரும்பிய தீண்டத்தகாதவர் ஒருவர் தன் ஆட்களுக்கு விருந்து வைத்தார். விருந்துச் சோற்றில் நெய் இருந்தது. அதற்காகவே சாதி இந்துக்கள் தடியோடு வந்து சோற்றைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்து விரட்டினார்கள். நெய்யை அவர்கள் யாரிடமும் திருடவில்லை. தங்கள் காசில் வாங்கியது. ஆனால் அது அவர்கள் சாதிக்கு உரிய உணவு இல்லை என்பதே குற்றமாயிற்று. யார் தட்டில் கொழுப்பும் புரதமும் இருக்கலாம் என்பதைச் சாதி எப்படி நிர்ணயித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் காவிரிக் கரையில் இதே வேலையைக் கூலி செய்தது. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. மரக்கால் சரியாக நிரம்பினால் பிள்ளைக்குக் கஞ்சி கெட்டியாக இருக்கும், குறைந்தால் தண்ணீராக இருக்கும். கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் கீழ்வெண்மணி மக்கள் செய்தவை. 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த அரைப்படியை நாம் சங்கப் போராட்டத்தின் கணக்காக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அது ஒரு வீட்டுப் பிள்ளைகளின் ராத்திரிக் கஞ்சியும்கூட.

கஞ்சி இருந்தால் போதாது, கையும் வேண்டும்

சிறு பிள்ளையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. அதனால்தான் ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு முறை தின்பண்டமும், கூடவே தாய்ப்பாலும் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சொல்வது எளிது. விடியுமுன் நடவுக்குப் போய் வெயில் சாய்ந்து திரும்பும் தாய், அந்த நான்கு வேளையை எங்கிருந்து ஊட்டுவாள்? பிள்ளையை மூத்த பெண்ணிடம் விட்டுப் போவாள். ஏழு வயதுப் பெண் ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் சுமப்பாள். தம்பிக்குக் காலையில் வைத்துப்போன கஞ்சியே நாள் முழுக்க. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஒரே கூலி முறை இரண்டு பிள்ளைகளைத் தின்றது இப்படித்தான்.

அம்பேத்கர் இதை முன்பே பார்த்திருந்தார். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்பது அவர் வாதம். மறு ஆண்டில் பம்பாய் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. பின்னர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, சுரங்கத்தில் உழைக்கும் பெண்களின் பேறுகாலப் பயனுக்கான சட்டத் திருத்தத்தையும் அவர் கொண்டுவந்தார். சட்டமேதை என்று சிலை வைத்து மாலை போடுகிறவர்கள், தாய்ப்பாலுக்காகச் சட்டமன்றத்தில் வாதாடிய அம்பேத்கரைச் சொல்வதே இல்லை.

ஆனால் அந்தச் சட்டங்கள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் உரியவை. வயலில் அன்றாடக் கூலிக்கு நின்ற பெண்ணை அவை தொடவில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம்தான் ஏழைத் தாய்மாரிடம் பணமாகப் போய்ச் சேர்ந்தது. அது 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்றது. உங்கள் ஊரில் அந்தக் கூலியை வாங்கிய பெண் யாராவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அரசின் அடுப்பு எரிந்த விதம்

1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671ஆக ஏறியது. பள்ளிக்கு வராதிருந்த பிள்ளைகளைத் தடுத்தது பசிதான் என்பதற்கு அந்த இரண்டு எண்களே சாட்சி. 1925இல் ஆங்கிலேய அரசு இந்தச் செலவுக்கு ஒப்புதல் மறுத்ததும் அடுப்பு அணைந்தது. காமராசர் காலத்தில் ஊரார் கொடையோடு மறுபடி எரிந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பெரிய பாய்ச்சல். கிராமப்புறத்தில் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையும் அதில் முதல் நாளிலேயே சேர்க்கப்பட்டது.

அந்த இரண்டு வயதுக்கும் கீழே உள்ள பிள்ளையைத் தேடிப் போன திட்டங்கள் இரண்டு. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஒன்று. இன்றைய அங்கன்வாடிகளின் தாய் அதுதான். உலக வங்கிக் கடனில் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இன்னொன்று. இரண்டாவதை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதம் தவறாமல் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும், தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைத் தொண்ணூறு நாள் கொடுத்தார்கள். ஊட்டச்சத்துப் பணியாளராக அந்தந்த ஊர்ப் பெண்ணையே அமர்த்தினார்கள். ஏழையாக இருந்தாலும் தன் பிள்ளையைத் திடமாக வளர்த்திருக்கும் பெண்ணுக்கு முன்னுரிமை தந்தார்கள். ஏழைத் தாய்க்கு அறிவில்லை என்ற பேச்சுக்கு அரசாங்கமே எழுதிய மறுப்பு அது.

பிறகு சட்டமும் வந்தது. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கன்வாடி வழியாக ஒரு நாளைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம்வரை புரதமும் தர வேண்டும் என்று அப்போது வகுத்தது. மெலிந்த பிள்ளைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். மூன்று வயதுக்குள் என்றால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவாக, அதற்கு மேல் என்றால் சுடச்சுடச் சமைத்த சோறாக. இது யாருடைய கருணையும் அல்ல. சட்டம் எழுதிவைத்த அளவு.

ஆனால் அடுப்பு எந்தத் தெருவில்?

மூன்று வயதுப் பிள்ளை தானாக ஒரு கிலோமீட்டர் நடக்காது. அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருந்தால், சேரிப் பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் யார் வாசலைக் கடக்க வேண்டும், எங்கே உட்கார வைப்பார்கள், தண்ணீர்க் குவளை தனியா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிள்ளைக்கு 500 கலோரி கிடைக்குமா என்பதை முடிவு செய்கிறது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களின் தரவுகளை வைத்து எழுதிய ஆய்வு இதைத்தான் காட்டியது. சோறு எங்கே போடப்படுகிறது, யார் சமைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குள்தான் தீண்டாமை ஒளிந்திருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தில் 2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் வந்த மூன்று உத்தரவுகளை நாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2004 ஏப்ரலில், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், எல்லாப் பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளிலும் விரைவில் அங்கன்வாடி அமைக்க முயற்சி எடுக்கவும், உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களைத் தவிர்க்கவும் சொன்னது. 2006 டிசம்பரில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறந்தாக வேண்டும் என்றது.

உத்தரவு வந்தது. சாதி போகவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணை இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. மறு ஆண்டே மதுரை மாவட்டத்தில் ஓர் அங்கன்வாடிக்கு நியமிக்கப்பட்ட இரண்டு தலித் பெண்களுக்கு இதே கதி. சாம்பாரில் எவ்வளவு பருப்பு என்று அளக்கத் தெரிந்த திட்டத்துக்கு, கரண்டியைப் பிடித்த கையைக் காக்கத் தெரியவில்லை. அந்தக் கையை விரட்டும்போது ஊர்ப் பிள்ளைக்கும் ஒரு பாடம் போகிறது. மூன்று வயதில் சோற்றோடு சேர்த்து சாதியையும் ஊட்டிவிடுகிறார்கள்.

நம் அடுப்பில் இருந்தவை

வறுமையை அழகாக்கிச் சொல்வதில் நமக்கு விருப்பமில்லை. நத்தையும் நண்டும் வயல் எலியும் தின்றது ருசிக்காக மட்டுமல்ல, வேறு கிடைக்காததாலும்தான். ஆனாலும் அந்த உணவை இழிவென்று சொன்னவர்களின் கணக்குதான் தப்பு. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முன்னூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். மாட்டுக்கறி, ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல் இவற்றில் உள்ள இரும்புச் சத்து, கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். ரத்தம் குறைந்த பிள்ளைக்குச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுத்த பாட்டி எந்தப் படத்தையும் பார்த்து அதைச் செய்யவில்லை. வரப்பில் பறித்த பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும், வேலியோர முருங்கையும், நெத்திலிக் கருவாடும் சேர்ந்தால் அதுதான் சரிவிகித உணவு.

அந்தத் தட்டு எப்படி வெளுத்தது? பசுமைப் புரட்சியோடு வந்த பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வயல் நண்டையும் நத்தையையும் வரப்புக் கீரையையும் அழித்தன. புறம்போக்கும் குளங்களும் கைமாறின. மறுபக்கம், 1967இல் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கி 2011இல் விலையில்லாமல் ஆகும்வரை, ரேஷன் அரிசி நம் மக்களைப் பட்டினியிலிருந்து காத்தது. பண்ணையாரிடம் நெல்லுக்குக் கையேந்தாத சுயமரியாதையைத் தந்தது. அதை யார் பிடுங்க வந்தாலும் எதிர்த்து நிற்போம். ஆனால் அரிசி மட்டுமே வந்தது. கேழ்வரகும் கம்பும் அடுப்பை விட்டுப் போயின. சோறும் ரசமும் பிள்ளையின் உணவாயிற்று. காலையில் டீயும் பன்னும், மாலையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டும் வந்து சேர்ந்தன. டீ, பிள்ளைக்குக் கிடைக்கும் கொஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

எட்டு வகை உணவில் குறைந்தது ஐந்தாவது ஒரு நாளில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பது இன்றைய அளவுகோல். தாய்ப்பால்; தானியமும் கிழங்கும்; பருப்பும் கடலையும்; பால், தயிர்; கறி, மீன்; முட்டை; பரங்கி, கீரை, பப்பாளி போன்ற வைட்டமின் ஏ உள்ளவை; மற்றக் காய்கனி. இதை நம் வீட்டுப் பண்டங்களில் வைத்துப் பார்த்தால், ஒன்றரை வயதுப் பிள்ளையின் ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலையில் கேழ்வரகுக் கூழில் வறுத்து அரைத்த வேர்க்கடலைப் பொடி. முழுக் கடலையைக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். நடுவில் ஒரு வாழைப்பழம். மதியம் குழையப் பிசைந்த சோறு, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, மேலே ஒரு சிறு கரண்டி எண்ணெய். வயிறு சிறியதாக இருப்பதால் அந்த எண்ணெய்தான் கூடுதல் சக்தி. மாலையில் அங்கன்வாடிச் சத்துமாவு உருண்டை, அல்லது அவித்த சர்க்கரைவள்ளி. இரவில் நன்றாக வேகவைத்து மசித்த முட்டையோடு இட்லி. முட்டை இல்லாத நாளில் முள் நீக்கிய மீன். கறி எடுத்த நாளில், கைமாவாகக் கொத்திக் குழைய வேகவைத்த மாட்டுக்கறி அல்லது ஒரு துண்டு ஈரல். கருவாடு என்றால் வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டு, குழம்பில் வேறு உப்புப் போடாமல். பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்தால் எவ்வளவு தின்றது என்று தெரியும். காய்ச்சல் வந்து தேறுகிற பிள்ளைக்குச் சில நாள் ஒரு வேளை கூடுதலாக.

இதில் கடையில் வாங்கும் டப்பா மாவு எதுவும் இல்லை. நம் மக்களுக்குத் தெரியாத பண்டம் ஒன்றுகூட இல்லை. வேண்டியது மூன்றுதான்: வாங்கக் கூலி, ஊட்ட நேரம், தலைகுனியாமல் போய் வர ஓர் அங்கன்வாடி. இந்த மூன்றையும் தராமல் சத்துணவு பற்றி வகுப்பெடுப்பது, காலைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்லிக் கொடுப்பதுதான்.

எனவே தோழர்களே, அடுத்த முறை உங்கள் குடியிருப்பில் ஏப்ரல் 14க்குக் கொடி கட்டும்போது ஒரு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரை வீடு வீடாக எழுதுங்கள். அங்கன்வாடி எத்தனை அடி தூரம், யார் சமைக்கிறார், பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள், போன மாதம் எடை போட்டார்களா, சத்துமாவு வீட்டுக்கு வந்ததா, முட்டை வந்ததா என்று கேட்டுக் குறியுங்கள். பெயர்கள் நாற்பதைத் தாண்டி, அங்கன்வாடியும் இல்லையென்றால், 2006ஆம் ஆண்டின் உத்தரவைச் சுட்டி மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். தேதி போட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அன்றிலிருந்து மூன்று மாதத்தை எண்ணத் தொடங்குங்கள்.